நைட் ஷிஃப்டில் 16:8: எந்த எட்டு மணி நேரம்?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 44. சிங்கப்பூரில் ஒரு கொண்டோவில் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) பாதுகாவல் அதிகாரி. வேலை இரவு 8 முதல் காலை 8 வரை, வாரம் 6 நாள். போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எண்) 6.4. மருந்து எதுவும் இன்னும் ஆரம்பிக்கவில்லை. கூட வேலை பார்ப்பவர் 16:8 முறையில் சாப்பிடுகிறார். "நமக்கு இரவுதான் பகல்" என்று சொல்லி இரவு 8 மணியிலிருந்து விடிகாலை 4 மணிக்குள் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, மீதி 16 மணி நேரம் வெறும் தண்ணீர். நாலைந்து கிலோ குறைந்தும் இருக்கிறார். "நானும் அப்படியே செய்யலாமா அக்கா? இது இதயத்துக்குக் கெடுதல் என்று வாட்ஸ்அப்பில் வேறு வந்திருக்கிறதே?" இதுதான் கேள்வி.

தம்பி, உங்கள் நண்பர் தேர்ந்தெடுத்த எட்டு மணி நேரம் தப்பான எட்டு மணி நேரம். எடை குறைந்ததை நான் மறுக்கவில்லை. முன்னே சாப்பிட்டதைவிடக் குறைவாகச் சாப்பிட்டிருப்பார், குறைந்திருக்கும். ஆனால் உங்கள் பிரச்சினை சர்க்கரை. சர்க்கரையைப் பொறுத்தவரை எத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தோம் என்பதைவிட, எந்த நேரத்தில் வயிற்றைக் காலியாக வைத்தோம் என்பதுதான் முக்கியம். நள்ளிரவு 12-லிருந்து காலை 6 வரை, வேலை செய்துகொண்டிருந்தாலும் சரி, வயிறு கூடுமானவரை சும்மா இருக்க வேண்டும். உங்கள் நண்பர் சரியாக அந்த நேரத்தில்தான் சாப்பிடுகிறார்.

நான் நீரிழிவுப் பிரிவில் தாதி. அதற்கு முன்னால் வார்டில் பல வருடம் நைட் பார்த்தவள். அதனால் இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். முதலில் காரணத்தைச் சொல்கிறேன். காரணம் புரியாமல் வெறும் அட்டவணை கொடுத்தால் மூன்றாவது நாள் விட்டுவிடுவீர்கள்.

மூளைக்குள், கண் நரம்புகள் குறுக்காகக் கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, உடம்பின் தலைமைக் கடிகாரம் இருக்கிறது. அது வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது. இதுபோக கல்லீரல், கணையம், குடல், தசை என்று ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு கடிகாரம் உண்டு. அவை தலைமைக் கடிகாரத்தின் பேச்சையும் கேட்கும், சாப்பாடு வரும் நேரத்தையும் பார்க்கும். இந்தக் கடிகாரங்கள் மரபணு அளவில் எப்படி ஓடுகின்றன என்று கண்டுபிடித்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. பகலில் வெளிச்சமும் சாப்பாடும் சேர்ந்து வருவதால் எல்லாக் கடிகாரமும் ஒரே நேரம் காட்டும். நள்ளிரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு மீ கோரேங் சாப்பிட்டால் தலைமைக் கடிகாரம் ஒரு நேரம் சொல்லும், கல்லீரல் இன்னொரு நேரம் சொல்லும்.

அதோடு மெலடோனின். இருட்டியதும் சுரக்கும் தூக்க ஹார்மோன். அது ரத்தத்தில் அதிகமாக இருக்கும் நேரத்தில் கணையம் இன்சுலினைத் தாராளமாக விடாது. இயற்கை போட்ட ஏற்பாடு அது. தூங்குகிற மனிதன் சாப்பிடப்போவதில்லை, எதற்கு இன்சுலின்? நள்ளிரவில் கணையம் பாதி ஷட்டரை இறக்கிய கடை மாதிரி. ஆள் இருப்பார், ஆனால் கூட்டம் வந்தால் சமாளிக்க முடியாது. அதே சாதம், அதே குழம்பு, அதே அளவு. மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டால் சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்கிவிடும். இரவு 1 மணிக்குச் சாப்பிட்டால் கூடுதலாக ஏறி, மெதுவாகத்தான் இறங்கும். கொழுப்பும் அப்படித்தான். இரவில் சாப்பிட்ட பிறகு டிரைகிளிசரைடு ரத்தத்தில் அதிக நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். இரைப்பை காலியாவதும் தாமதம். விடிகாலையில் நெஞ்சைக் கரிக்கிறது, கேஸ்டிரிக் என்று புலம்புகிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2009-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஃபிராங்க் ஷீர் குழு, ஆரோக்கியமான சிலரை ஆய்வுக்கூடத்தில் வைத்து, தூக்கமும் சாப்பாடும் உடம்பின் கடிகாரத்துக்கு நேர் எதிராக வரும்படி செய்தது. பத்தே நாள் ஆய்வு. எட்டுப் பேரில் மூன்று பேருக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை, நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்பவர்களுடையது போல் ஆகிவிட்டது. நன்றாக இருந்தவர்கள் அவர்கள்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது 2021-இல் வந்த இன்னொரு ஆய்வு. சாரா செல்லப்பா, ஷீர் முதலியோர் செய்தது. 19 இளைஞர்கள், எல்லோருக்கும் போலி நைட் ஷிஃப்ட். ஒரு பிரிவினர் நைட் ஷிஃப்ட் ஆட்கள் வழக்கமாகச் செய்வதுபோல் இரவிலும் சாப்பிட்டார்கள். மற்றப் பிரிவினர் இரவு முழுக்க விழித்திருந்தாலும் பகல் நேரத்தில் மட்டும் சாப்பிட்டார்கள். இரவில் சாப்பிட்டவர்களுக்குச் சராசரி சர்க்கரை 6.4 சதவீதம் கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் குறிப்பிடும்படி ஏறவில்லை. இரண்டு பிரிவும் இரவில்தான் விழித்திருந்தன, வித்தியாசம் சாப்பாட்டு நேரத்தில்தான். சின்ன ஆய்வுதான், அதுவும் ஆய்வுக்கூடத்தில் நடந்தது, எல்லோரும் இளைஞர்கள். அதை மறக்கக்கூடாது. ஆனாலும் உங்கள் நண்பரின் "நமக்கு இரவுதான் பகல்" கணக்கு தப்பு என்று சொல்ல இதற்கு மேல் நேரடியான சான்று கிடைப்பது கஷ்டம்.

"எனக்குப் பத்து வருடமாக நைட், உடம்பு பழகிவிட்டது" என்று நிறையப் பேர் சொல்வார்கள். விழித்திருப்பது பழகியிருக்கும், கடிகாரம் பழகியிருக்காது. நிரந்தரமாக நைட் பார்ப்பவர்களின் மெலடோனினை அளந்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கடிகாரம் முழுக்கத் தலைகீழாகத் திரும்பியவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. காரணம் பெரிய ரகசியமில்லை. காலையில் வெளியே வந்தால் வெயில். ஓய்வு நாளில் பிள்ளைகளோடு பகலில் விழித்திருப்போம். கடிகாரம் பாதி தூரம் போய்த் திரும்பி வந்துவிடும். சிங்கப்பூரில் சூரியன் வருடம் முழுக்க 7 மணியை ஒட்டித்தான் உதிக்கும். இந்த ஊர் இருக்கும் இடத்துக்கு நியாயமாக இருக்க வேண்டிய நேரத்தைவிட நம் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதுதான் காரணம், 1982-இலிருந்து அப்படி. அதனால் 8 மணிக்கு நீங்கள் கேட்டைவிட்டு வெளியே வரும்போது சரியாக இளவெயில் கண்ணில் அடிக்கும். தலைமைக் கடிகாரத்துக்கு "விடிந்துவிட்டது" என்று சொல்ல அது போதும்.

நீண்டகாலப் பாதிப்பையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்துவதற்காக அல்ல. அமெரிக்காவில் ஒன்றே முக்கால் லட்சம் தாதியரை ஏறக்குறைய இருபது வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. மாதம் குறைந்தது மூன்று நைட், அப்படி 3 முதல் 9 வருடம் பார்த்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 20 சதவீதம் அதிகம். 10 முதல் 19 வருடம் பார்த்தவர்களுக்கு 40 சதவீதம், அதற்கும் மேல் போனால் 58 சதவீதம். எடை கூடியது இதில் ஒரு பெரிய பங்கு. எடையைக் கழித்துப் பார்த்தாலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இனி நம் கதை. 2010-இல் சிங்கப்பூரில் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் இந்தியர்களிடையே நீரிழிவு 17.2 சதவீதம், சீனர்களிடையே 9.7. அதாவது நைட் ஷிஃப்ட் பார்ப்பதற்கு முன்பே நமக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் உங்கள் 6.4-ஐ "பரவாயில்லை, நீரிழிவு என்று சொல்லும் 7 இன்னும் வரவில்லையே" என்று விட எனக்கு மனமில்லை.

சரி, 16:8-க்கு வருவோம். இதற்கு இன்று இருக்கும் பெயர் அதன் தகுதிக்குச் சற்று அதிகம் என்பது என் கருத்து. 2012-இல் சச்சிதானந்த பாண்டாவின் குழு எலிகளிடம் செய்த ஆய்வில்தான் இது பிரபலமானது. ஒரே கொழுப்பு உணவு, ஒரே கலோரி. எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்ட எலிகள் குண்டாகவில்லை, நாள் முழுக்கக் கொறித்தவை குண்டாயின. மனிதர்களிடம் அவ்வளவு அழகாக வரவில்லை. 2020-இல் அமெரிக்காவில் 116 பேரை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வில், மதியம் 12 முதல் இரவு 8 வரை சாப்பிட்டவர்கள் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இளைத்தார்கள். வழக்கம்போல் மூன்று வேளை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2022-இல் சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் ஒரு வருடம் பார்த்தார்கள். எல்லோருக்கும் கலோரியைக் குறைத்து, பாதிப் பேருக்கு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரை என்று நேரக் கட்டுப்பாடும் வைத்தார்கள். இரண்டு பக்கமும் நன்றாக இளைத்தார்கள். நேரக் கட்டுப்பாட்டால் கூடுதலாக எதுவும் நிரூபணமாகவில்லை.

ஆனால் நேரத்தை முன்னால் தள்ளினால் கதை கொஞ்சம் மாறுகிறது. 2018-இல் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த எட்டு ஆண்களைப் பிற்பகல் 3 மணிக்குள் கடைசிச் சாப்பாட்டை முடிக்கச் சொன்னார்கள். ஐந்து வாரத்தில் எடை குறையாமலே இன்சுலின் நன்றாக வேலை செய்தது, ரத்த அழுத்தமும் இறங்கியது. எட்டுப் பேர்தான், உண்மை. ஆனால் பலன் எட்டு மணி நேரம், ஆறு மணி நேரம் என்ற எண்ணிக்கையில் இல்லை, நேரம் சூரியனோடு ஒத்துப்போவதில் இருக்கிறது என்று காட்டும் பல சான்றுகளில் இதுவும் ஒன்று.

ஷிஃப்ட் ஆட்களிடம் நேரடியாகச் செய்த ஆய்வுகளில் எனக்குப் பிடித்தது சான் டியேகோ தீயணைப்பு வீரர்களிடம் நடந்தது, 2022-இல் வெளியானது, அதுவும் பாண்டா குழுவினுடையது. 24 மணி நேர ஷிஃப்ட், நடுராத்திரி மணி அடித்தால் ஓட வேண்டிய வேலை. 137 பேர், 12 வாரம். அவர்களிடம் கேட்டது எட்டு மணி நேரம் அல்ல, பத்து மணி நேரம். சராசரியாக 14 மணி நேரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் 11-க்கு வந்தார்கள். பத்துகூட முழுசாக வரவில்லை, பாருங்கள். ஆனாலும் ஏற்கெனவே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கூடுதலாக இருந்தவர்களுக்கு எச்பிஏ1சி-யும், அழுத்தத்தின் கீழ் எண்ணும் இறங்கின. உங்களைப் போன்ற ஆட்கள் அவர்கள். அதனால் 16:8 என்ற பிடிவாதத்தை விடுங்கள். பத்து, பத்தரை மணி நேரம் போதும், பகலில் இருந்தால்.

அந்த வாட்ஸ்அப் செய்தி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2024 மார்ச்சில் அமெரிக்க இதயச் சங்கத்தின் கூட்டம் ஒன்றில் வாசிக்கப்பட்ட ஆய்வுச் சுருக்கம் அது. எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுபவர்கள் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 91 சதவீதம் அதிகம் என்றது. எப்படிக் கணக்கிட்டார்கள் தெரியுமா? சுமார் 20,000 பேரிடம் இரண்டு நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுவிட்டு, பிறகு பல வருடம் கழித்து யார் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். அந்த இரண்டு நாள் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டவர் டயட்டில் இருந்தாரா, காய்ச்சலா, கையில் காசில்லையா, இரண்டு வேலை பார்த்து நேரமில்லாமல் ஓடினாரா, யாருக்குத் தெரியும்? அதை வைத்துப் பயப்படவும் வேண்டாம், எட்டு மணி நேரம்தான் நல்லது என்று பிடித்துத் தொங்கவும் வேண்டாம்.

இப்போது உங்கள் நாள் எப்படி இருக்கலாம் என்று பார்ப்போம். 8 மணிக்கு வேலை முடிந்து, எம்ஆர்டி ரயில் பிடித்து, எட்டரை ஒன்பதுக்கு வீடு. அப்போது லேசாக ஏதாவது. இரண்டு இட்லி சாம்பார், அல்லது இரண்டு முட்டையும் ஒரு துண்டு ரொட்டியும், அல்லது ஓட்ஸ் கஞ்சி. வழியில் பிராட்டாக் கடையில் உட்கார்ந்து மூன்று பிராட்டா ஆட்டுக்கறிக் குழம்போடு வேண்டாம். நேராகப் படுக்கப்போகிறீர்கள், அந்த எண்ணெயோடு தூங்கினால் நெஞ்சு எரியும். எழுந்ததும், மாலை 4 மணி வாக்கில், ஒரு நல்ல சாப்பாடு. இதுதான் உங்கள் மதியச் சாப்பாடு: சாதம் ஒரு கிண்ணம், மீன் அல்லது கோழி அல்லது தவ்வு, காங்கோங் கீரையோ தவ்கே முளைப்பயறோ தட்டில் பாதி. பிறகு கிளம்புவதற்கு முன் ஏழு மணிக்குள் இன்னொரு சாப்பாடு, சற்று வலுவாக. சுண்டல், பருப்பு, முட்டை, கறி என்று புரதம் கூடுதலாக இருக்கட்டும், இரவு இரண்டு மணிவரை தாங்கும். வேலைக்குப் போன பிறகு ஒன்பது மணிக்கு டப்பாவைத் திறப்பவராக இருந்தாலும் பெரிய குற்றமில்லை. ஒன்பதுக்கும் ஒரு மணிக்கும் நடுவே மலையளவு வித்தியாசம்.

கஷ்டமான நேரம் எது என்று எனக்குத் தெரியும். இரண்டரையிலிருந்து நான்கு வரை. கடைசி டாக்சி உள்ளே வந்தாயிற்று, லாபியில் ஏர்கான் சத்தம் மட்டும். சிசிடிவித் திரையில் எதுவும் அசையாது. மேசை இழுப்பறைக்குள் கிரீம் பிஸ்கட் பாக்கெட், பக்கத்தில் யாரோ குடித்தனக்காரர் கொடுத்துவிட்டுப் போன குவே, கதவுக் கைப்பிடியில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கும் தே, கப் நூடல்ஸுக்குச் சுடுதண்ணீர் தயார். அந்த நேரத்துப் பசி முக்கால்வாசி பசியே இல்லை. உடம்பின் வெப்பம் நாளிலேயே மிகக் குறைவாக இருக்கும் நேரம் அதை ஒட்டித்தான் வரும். குளிரும் அசதியும் பசி போலத் தெரியும். எழுந்து ஒரு மாடி ரோந்து போய்வாருங்கள், தண்ணீர் குடியுங்கள், முகத்தைக் கழுவுங்கள். இருபது நிமிடம் கழித்தும் பசித்தால் ஒரு அவித்த முட்டை, அல்லது ஒரு கைப்பிடி உப்பில்லாத கடலை. அதற்கு மேல் வேண்டாம், ஆனால் அதைச் சாப்பிட்டதற்காகக் குற்ற உணர்ச்சியும் வேண்டாம். அடிலெய்டில் நடந்த போலி நைட் ஷிஃப்ட் ஆய்வுகளில், நள்ளிரவில் முழுச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு விடியும் நேரத்தில் தூக்கம் அதிகம் அழுத்தியது, கவனமும் கார் ஓட்டும் திறனும் மந்தமாயின. சின்னதாகக் கொறித்தவர்கள் தேவலை. பஸ் ஓட்டுநரோ, கிரேன் இயக்குபவரோ இதைப் படித்தால், சர்க்கரையை விட்டுத் தள்ளுங்கள், இந்த ஒரு காரணத்துக்காகவே மூன்று மணி சப்பரை விடலாம்.

குடிப்பதைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. இரவெல்லாம் சாப்பிடாமல் இருந்து, கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய தே தாரேக் மூன்று கப் குடித்தால் அது விரதமில்லை. கண்டென்ஸ்டு மில்க் என்பது பாலும் சர்க்கரையும் சேர்ந்த சாப்பாடு. மைலோவும் அப்படித்தான், அதைச் சத்து பானமாக நினைத்துக் கைவிட மறுப்பவர்கள் நம்மில் அதிகம். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் டீ, கோப்பி ஓ கோசோங் காப்பி, இரண்டும் தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் இரவு இரண்டு மணியோடு நிறுத்துங்கள். காப்பியின் காஃபின் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். ஐந்து மணிக்குக் குடித்த கோப்பி ஒன்பதரைக்கு உங்களைத் தூங்கவிடாது. கேன் பானம் வாங்கினால் மேலே உள்ள, சர்க்கரை எவ்வளவு என்று தரம் பிரிக்கும் நியூட்ரி கிரேடு எழுத்தைப் பாருங்கள். சி, டி என்றால் திரும்ப அடுக்கில் வையுங்கள்.

இப்போது தூக்கம். இதைக் கடைசியில் இரண்டு வரியில் சொல்லி முடிப்பது வழக்கம், அது அநியாயம். சாப்பாட்டு நேரத்தை என்னதான் ஒழுங்குபடுத்தினாலும், நான்கு மணி நேரம் தூங்கினால் மறுநாள் இன்சுலின் மந்தமாகத்தான் வேலை செய்யும், பசியும் இனிப்பு ஆசையும் தூக்கி அடிக்கும். வீவக அடுக்குமாடி வீட்டில் பகல் தூக்கம் எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். சரியாக ஒன்பது மணிக்கு மேல்மாடியில் ரெனோவேஷன் டிரில் ஆரம்பிக்கும். காதடைப்பான் ஒரு பெட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் திரை. வீட்டுக்கு வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் இளவெயில் உங்களை எழுப்பிவிடாது, ஆனால் மோட்டார் சைக்கிளில் வருபவர் தூக்கக் கலக்கத்தில் அதைச் செய்ய வேண்டாம். ஒரே மூச்சில் ஆறரை ஏழு மணி நேரம் கிடைக்காவிட்டால், காலையில் ஐந்து மணி நேரமும் மாலையில் வேலைக்கு முன் ஒன்றரை மணி நேரமும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஓய்வு நாளிலும் இதே ஒன்பதிலிருந்து ஏழு. இதுதான் பகல் சாப்பாட்டு முறையின் பெரிய வசதி. குடும்பத்தோடு சாப்பிடும் நேரமும் இதற்குள் வந்துவிடும். உங்கள் நண்பர் ஓய்வு நாளில் என்ன செய்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். அன்று மட்டும் குடும்பத்தோடு பகலில் சாப்பிட்டால், அவர் உடம்பின் கடிகாரம் வாரத்துக்கு ஒரு முறை விமானம் ஏறாமலே வெளிநாடு போய்வருகிறது.

காலை, மாலை, இரவு என்று மாறிமாறி வேலை பார்க்கும் தாதியருக்கும் விமான நிலையத்தில் இருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். ஷிஃப்ட் மாறலாம், சாப்பாட்டு நேரம் மாறக்கூடாது. மாலை ஷிஃப்ட் முடிந்து பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து குடும்பத்தோடு சாப்பிடும் பழக்கம்தான் உடைக்கக் கஷ்டமானது. இடைவேளையில் ஆறு மணிக்கே சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணம் ரசமோ மோரோ போதும்.

தங்கும் விடுதியில் இருக்கும் ஊழியர்களுக்கு இந்த அறிவுரை எல்லாம் பாதிதான் பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். கேட்டரிங் சாப்பாடு எப்போது வருகிறதோ அப்போதுதான் சாப்பாடு. தண்டவாளப் பராமரிப்புக்கு நடுராத்திரி போகிறவருக்கு இரவுப் பொட்டலம் எட்டு மணிக்குக் கையில் வரும், அதை அவர் ஒரு மணி இடைவேளையில் திறப்பார். இடைவேளையை முடிவு செய்வது அவரில்லை. கிளம்பும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள், ஆறின சோற்றை ஐந்து மணி நேரம் கழித்துச் சாப்பிடுவது வயிற்றுக்கும் கெடுதல் என்று நான் அவர்களிடம் சொல்வேன். ஆனால் உண்மையில் இதைக் கேட்க வேண்டியவர்கள் மேற்பார்வையாளர்களும் முதலாளிகளும்தான்.

யார் இதைத் தன்னிச்சையாகச் செய்யக்கூடாது? இன்சுலின் போடுபவர்கள். கிளிக்ளசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு என்ற பெயர்களில் மாத்திரை சாப்பிடுபவர்கள். இவை சாப்பாடு வராவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். மூன்று மணிக்குத் தனியாக இருக்கும் காவல் அறையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கினால் யார் பார்ப்பது? எம்பாக்லிஃபுளோசின், டாபாக்லிஃபுளோசின் சாப்பிடுபவர்கள் நீண்ட பட்டினி கிடந்தால் ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து உண்டு, அது அபூர்வம், ஆனால் வந்தால் ஆஸ்பத்திரிதான். இவர்கள் எல்லோரும் முதலில் டாக்டரிடம் மருந்து நேரத்தை மாற்றிக்கொண்ட பிறகுதான் சாப்பாட்டு நேரத்தைத் தொட வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அவ்வளவு பயமில்லை. கர்ப்பிணிகளுக்கும், முன்பு சாப்பாட்டுக் கோளாறு இருந்தவர்களுக்கும் இது வேண்டாம். நோன்பு மாதத்தில் நைட் பார்க்கும் முஸ்லிம் சகோதரர்களுக்கு நான் சொன்ன பகல் கணக்கு பொருந்தாது என்பது தெரிந்ததே. அவர்கள் நோன்பு திறந்ததும் ஒரு அளவான சாப்பாடு, சஹர் நேரத்தில் ஒன்று, நடுவே கொறிப்பதை மட்டும் தவிர்த்தால் போதும். சர்க்கரை மருந்து சாப்பிட்டால் நோன்புக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்று. நேரத்தை மட்டும் மாற்றி, அளவை மாற்றாவிட்டால் பலன் கொஞ்சம்தான். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், உடம்பில் 7 சதவீத எடையைக் குறைத்து வாரம் 150 நிமிடம் நடக்கும்படி சொல்லப்பட்டவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் கொடுத்த பிரிவில் 31 சதவீதம். 2002-இல் வந்த முடிவு, இன்னும் அதை எதுவும் தள்ளிவிடவில்லை. 80 கிலோ ஆளுக்கு ஐந்தரை கிலோ. ரோந்து நடையும் நடைதான், கொஞ்சம் வேகமாக நடந்தால். ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23-லேயே ஆபத்து ஆரம்பிக்கிறது, ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்.

கடைசியாக, உங்கள் 6.4. சிங்கப்பூரில் எச்பிஏ1சி 6.0 வரை சரி, 7.0-ம் அதற்கு மேலும் நீரிழிவு, இடையே 6.1 முதல் 6.9 வரை வந்தால் இன்னொரு பரிசோதனை வேண்டும்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, அல்லது குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது. உங்களுக்கு அதைச் செய்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால் பலதுறை மருந்தகத்திலோ ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் நீங்கள் பதிந்திருக்கும் மருந்தகத்திலோ கேளுங்கள். இங்கேதான் நைட் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். எட்டு மணிக்கு வேலை முடிந்து நேராகப் போய் ரத்தம் கொடுப்பார்கள். மூன்று மணிக்குச் சாப்பிட்ட நூடல்ஸ் கணக்கில் வந்துவிடும், வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. அதோடு இரவெல்லாம் விழித்த உடம்பில் எடுத்தால் எண் சற்றுக் கூடுதலாகவும் காட்டலாம். ஓய்வு நாள் இரவு வீட்டில் தூங்கி எழுந்து, மறுநாள் காலை எடுக்கும்படி நேரம் வாங்குங்கள். நைட் பார்க்கிறேன் என்று தாதியிடம் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) கூறு இருக்கிறது, ரத்தசோகை இருக்கிறது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், எச்பிஏ1சி எண்ணே தப்பாகக் காட்டும். பிறகு மூன்று மாதம் பகல் சாப்பாட்டு முறையைக் கடைப்பிடித்துவிட்டு மறுபடி ஒருமுறை எடுங்கள். எச்பிஏ1சி என்பது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி என்பதால் அதற்கு முன் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.